வாய்ப்புகையிலையும் வேலையாட்களின் தேக சுகமும்

கோட்டுச்சேரி வட்டாரத்தில் நடவு காலத்தில் வரப்பில் நின்று நோக்குவோர், வேலையாட்கள் பலருடைய மடியில் வெற்றிலைப் பை இருக்கக் காண்பர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் ஒரு துண்டுப் புகையிலையும் கடைவாயில் அடக்கப்படுகிறது. பசி தெரியாது, பல்வலி தணியும், குனிந்த முதுகின் அலுப்பு மறையும் என்பது அவர்கள் எண்ணம். கூலியுடன் புகையிலையும் சேர்த்துக் கொடுப்பதை உபசாரமெனக் கருதும் நிலக்காரர்களும் உண்டு. அவ்வுபசாரம் உண்மையில் அபகாரமே என்பதை இங்கு எடுத்துரைப்போம்.

புகை இல்லையேல் தீங்கும் இல்லை என்று கருதுவது தவறு. நமக்குத் தெற்கே வேதாரணியத்து மணற்பாங்கான நிலங்களில் விளையும் புகையிலையைப் பலரும் அறிவர். எவ்வூர் இலையாயினும், உலர்த்தி அட்டி போட்டுப் பதப்படுத்துங்கால் அதில் நைட்ரோசமைன் என்னும் நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. இவை புற்றுநோயை விளைவிப்பவை. சுண்ணாம்பின் காரம் நிகோடினை விரைவில் இரத்தத்திற் சேர்ப்பதால் பழக்கம் எளிதில் விடுவதில்லை. புகையிலையை நீக்கிப் பாக்கை மட்டும் மென்றாலும், கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறத்தல் அரிதாகலாம். கர்ப்பிணிகள் புகையிலை மெல்லின், குழந்தை எடை குறைந்தோ மாதம் நிரம்பாமலோ பிறக்க ஏதுவாகும்.

இஃது இன்று கண்ட செய்தியன்று. திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்றைப் பற்றி டாக்டர் ஐ. எம். ஆர் என்பவர் 1933-ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோய்க்குக் காரணமென 1985-இலும், பாக்கு தனியாகவே காரணமென 2004-இலும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தீர்மானித்தது. 2016-17-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 21.4 பேர் புகையில்லாப் புகையிலையை உபயோகித்தனர்.

வாயில் வெண்மை அல்லது செந்நிறத் திட்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல் ஆகியன அபாயக் குறிகள். மூன்று விரல்களை நெடுக்காக வைக்குமளவு வாய் திறவாவிடினும் தாமதியாது அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். ஆரம்பத்தில் கண்ட நோய் பெரும்பாலும் குணமாகும். நாற்றில் நோய் கண்ட அன்றே பரிகாரம் தேடும் விவசாயி, தன் வாயிற் கண்ட நோயை வலியில்லை என்று மாதக்கணக்கில் விட்டுவைப்பது விவேகமாகாது.

நிலக்காரர்கள் செய்யத்தக்கது எளிது. புகையிலைக்குச் செலவிடும் காசைக் கூலியிற் சேர்த்துக் கொடுக்கலாம். முற்பகலில் நீர்மோரும் சுண்டலும் அளிக்கலாம். பசி தீர்ந்தால் பசியை மறக்கப் புகையிலை வேண்டுவதில்லை. மருந்து தெளித்த கையால் வெற்றிலை மடிப்பதையும் கண்டிப்பாய்த் தடுத்தல் வேண்டும். பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம்.

பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குப் புகையிலை விற்பதும், கல்விச்சாலைகளுக்கு 100 கஜத்துக்குள் விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கிராம அதிகாரிகள் பள்ளியை அடுத்த கடைகளை அடிக்கடி பார்வையிடுவார்களாக. நிலத்தைக் காப்பது போலவே அதில் உழைப்போரைக் காப்பதும் நம் கடமையாம்.