இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: என்ன சிக்கல்கள் வரலாம்? யாருக்கு ரிஸ்க் அதிகம்?

‘இடுப்பு மூட்டை மாத்திடலாம்’ என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘ஒண்ணும் ஆயிடாதே?’ என்பதுதான். தேய்ந்துபோன பந்துக் கிண்ண மூட்டை எடுத்துவிட்டு, செயற்கை மூட்டைப் பொருத்தும் சிகிச்சை இது. பெரும்பாலானோர் வலி குறைந்து நன்றாகவே நடக்கிறார்கள். ஆனாலும் சிக்கல்கள் உண்டு. அவற்றில் சிலவற்றை முன்கூட்டியே குறைக்க முடியும்.

என்னென்ன சிக்கல்கள்?

ரத்தக்கட்டு: காலில் உருவாகும் ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதும், சீக்கிரமே எழுந்து நடக்க வைப்பதும் இதற்காகத்தான்.

தொற்று: 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரலாம். செயற்கை மூட்டில் கிருமி படிந்துவிட்டால் வெறும் மாத்திரையில் சரியாவது கடினம். பெரும்பாலும் மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

மூட்டு நழுவுதல்: முதல் 3 மாதங்களில் வாய்ப்பு அதிகம். டாக்டர் ஓகே சொல்லும்வரை தரையில் சம்மணமிடுவது, இந்தியன் டாய்லெட், கால் மேல் கால் போடுவது எல்லாம் வேண்டாம்.

இவை தவிர, கால் நீளத்தில் சிறு வித்தியாசம், நரம்பு பாதிப்பு, எலும்பில் விரிசல் ஆகியவையும் ஏற்படலாம்.

தேய்மானம்: 25 ஆண்டுகள் தாண்டியும் தாக்குப்பிடிப்பது சுமார் 58 சதவீத மூட்டுகள்தான் என்கிறது 2019-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு. அதனால் 35, 40 வயதில் மூட்டை மாற்றுபவர்களுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, புகைப்பழக்கம், உடல் பருமன், ரத்தசோகை, நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து, இதய, சிறுநீரகப் பிரச்சினைகள், ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள்.

எலும்பு முறிவு என்றால் காத்திருக்க முடியாது. தேய்மானத்துக்காகச் செய்வதென்றால் பெரும்பாலும் அவகாசம் இருக்கும். அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாங்க. குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே சிகரெட்டை நிறுத்துங்க. சொத்தைப் பல், தோல் புண், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைச் சரிபண்ணுங்க. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்க.

எப்போது உடனே போகணும்?

கெண்டைக்காலில் வலி, வீக்கம். காய்ச்சல், தையலில் நீர் அல்லது சீழ் கசிவு. திடீர் வலியோடு காலை ஊன்ற முடியாமை. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்க.

ஸ்டிக்கரை விட்டுடாதீங்க

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிப்யூ நிறுவனம், தன் ‘ஏஎஸ்ஆர்’ உலோக மூட்டை 2010-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. ஆனால், பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எனவே மூட்டின் பெயர், பேட்ச் எண் கொண்ட ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்க. அதை போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்க. 15 ஆண்டுகள் கழித்து மூட்டில் பிரச்சினை என்றால், அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.