படத்தின் மேல் ஓடும் பேச்சு

ஜப்பானின் நிக்கோநிக்கோ தளத்தை முதன்முதலாகத் திறந்தால் மூடிவிடத்தான் தோன்றும். காணொளியின் மேலேயே வெள்ளை எழுத்துகள் வலமிருந்து இடமாக வரிவரியாக ஓடும். சில நேரம் பாடுபவரின் முகமே மறைந்துவிடும். இது கோளாறு இல்லை. அந்த எழுத்துகளுக்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு.

யூடியூபில் பார்த்தவர்களின் கருத்து படத்துக்குக் கீழே தனியாகக் கிடக்கிறது. நிக்கோநிக்கோவில் ஒவ்வொரு கருத்தும் காணொளியின் ஏதோ ஒரு நொடியோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கும். இரண்டாவது நிமிடத்தில் வரும் ஒரு காட்சிக்கு நீங்கள் எதையாவது எழுதினால், பிறகு பார்ப்பவருக்கும் அதே காட்சியில் அது ஓடும். போன வருஷம் சிரித்தவரும் இன்றைக்குச் சிரிப்பவரும் ஒரே இடத்தில் சேர்ந்து சிரிக்கிறார்கள். முதல் நாள் முதல் காட்சியில் விசில் பறக்கும் தியேட்டர், நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கும் கிடைத்துவிடுகிறது. கூட்டம் மொய்க்கும் காணொளிகளில் மட்டும் பழைய கருத்துகள் புதியவற்றுக்கு வழிவிட்டு மறையும்.

2006 டிசம்பரில் இந்தத் தளம் தொடங்கியபோது அதனிடம் சொந்தக் காணொளிகளே கிடையாது. யூடியூப் காணொளிகளை இழுத்துக் காட்டி, அவற்றின் மேல் இந்த எழுத்துகளை மட்டும் ஓட்டியது. 2007 பிப்ரவரியில் யூடியூப் அந்த வழியை அடைத்தது. அதற்குப் பிறகுதான் நிக்கோநிக்கோ காணொளிகளைத் தானே வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. பேச்சு முதலில் வந்தது, படம் பின்னால் வந்தது! இதைப் புரிந்துகொண்டால் அந்தத் தளத்தில் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

சீனாவில் 2009இல் தொடங்கிய பிலிபிலி இதே வழக்கத்தை எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு தேர்வையும் வைத்தது. பார்ப்பதற்குத் தேர்வு வேண்டாம். முழு உறுப்பினராக வேண்டுமானால் 100 கேள்விகளுக்குப் பதில் சொல்லி 60 மதிப்பெண் வாங்க வேண்டும். திரையில் எப்படிக் கருத்து எழுத வேண்டும் என்ற மரியாதையும் கேள்விகளில் அடக்கம். ஆளை வெளியே நிறுத்தும் வேலை என்று இதைச் சிலர் நினைக்கலாம். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. பலரும் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தின் மேல் எழுதப் போகிறவர், அந்த இடத்தின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு வருவதுதானே முறை?

நிக்கோநிக்கோவுக்குப் பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். எழுத்துகளை மறைக்கும் பொத்தான் காணொளிச் சட்டத்தின் அடியிலேயே இருக்கிறது. முதல் தடவை மறைத்துவிட்டுப் பாருங்கள், இரண்டாம் தடவை திறந்துவிடுங்கள். பாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. 2007இல் வெளிவந்த ஹட்சுனே மிக்கு என்ற கணினிக் குரலுக்கு ரசிகர்கள் பாட்டு எழுதி நிக்கோநிக்கோவில்தான் குவித்தார்கள். அப்படி ஒரு பாட்டு முடியும் இடத்தில் திரை முழுக்க 8888 என்று ஓடுவதைப் பார்க்கலாம். அது கைதட்டல். ஜப்பானியருக்குக் கைதட்டும் ஓசை 'பச்சி பச்சி', அதே ஓசையில் எட்டு என்ற எண் 'ஹச்சி'. மொழி தெரியாதவரும் உடனே எழுதக்கூடிய கருத்து அது, ஒரு கணக்குத் தொடங்கினால் போதும்.