முதல் அறிவிப்பு யாருடையது?

2019 மார்ச் 19. நார்வேயின் ஓஸ்லோ நகரில் நோர்ஸ்க் ஹைட்ரோ தலைமை அலுவலகத்துக்குக் காலையில் வேலைக்கு வந்தவர்கள், கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு அப்படியே நின்றார்கள். நிறுவனம் சைபர் தாக்குதலில் சிக்கியிருக்கிறது, எந்தக் கருவியையும் நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள், கணினியை ஆன் செய்யாதீர்கள் என்று அதில் இருந்தது. ஹைட்ரோ உலகின் பெரிய அலுமினிய நிறுவனங்களில் ஒன்று. அப்போது அதற்கு 40 நாடுகளில் 35,000 ஊழியர்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் லாக்கர்கோகா என்ற ரான்சம்வேர் சுமார் 22,000 கணினிகளைத் தாக்கியிருந்தது. எச்சரிக்கையை மெயிலில் அனுப்ப வழியில்லாததால் காகிதத்தில் ஒட்டினார்கள்.

அன்றைக்கே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார்கள். நிதிப் பொறுப்பாளர் எய்விண்ட் கல்லேவிக் முன்னால் வந்து, நிலைமை கடுமையானது என்று ஒளிக்காமல் சொன்னார். எந்த ஆலை ஓடுகிறது, எது நின்றுவிட்டது, எதைக் கையால் இயக்குகிறார்கள் என்பதை விளக்கினார். பணம் கொடுப்பீர்களா என்ற கேள்விக்கு, பேக்கப்பிலிருந்து மீட்பதுதான் எங்கள் வழி என்று பதில் வந்தது. வெப்சைட் முடங்கிக் கிடந்ததால் ஃபேஸ்புக் பக்கத்தில் தகவல் போட்டார்கள். அடுத்த நாட்களிலும் நேரலையில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். கணினி வருவதற்கு முந்தைய வேலைமுறை தெரிந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் ஆலைகளுக்குத் திரும்பி வந்து கைகொடுத்தார்கள். நஷ்டம் சுமார் 7 கோடி டாலர். ஆனால் வாடிக்கையாளர் நம்பிக்கை போகவில்லை.

இந்தச் சம்பவத்தை மக்கள் தொடர்புத் துறையினர் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் 'வெளிப்படையாக இருந்தால் நல்ல பெயர் கிடைக்கும்' என்பதோடு முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. தகவல் திருட்டு நடந்தபின் வரும் முதல் அறிவிப்பு, பாதிக்கப்பட்டவர் தன்னைக் காத்துக்கொள்ளக் கிடைக்கும் முதல் வாய்ப்பு. அது தாமதமாகும் ஒவ்வொரு நாளும், அவர் விவரம் வேறொருவர் கையில் இருப்பது தெரியாமலே அவர் போனை எடுக்கிறார், ஓடிபி சொல்கிறார், லிங்க்கை அழுத்துகிறார்.

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் 2017 ஜூலை 29 அன்று ஊடுருவலைக் கண்டுபிடித்தது. வெளியே சொன்னது செப்டம்பர் 7. சுமார் 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் போன்றவை அதற்குள் போய்விட்டன. 'உங்கள் விவரமும் போயிருக்கிறதா என்று பாருங்கள்' என்று சொல்லி, நிறுவனத்தின் வழக்கமான முகவரியில் இல்லாத ஒரு புதிய வெப்சைட்டைத் திறந்தார்கள். பார்ப்பதற்கு மோசடித் தளம் போலவே இருந்தது அது. ஆபத்தைக் காட்டுவதற்காகவே ஒரு புரோகிராமர், அந்த முகவரியின் சொற்களை இடம் மாற்றி ஒரு போலித் தளம் செய்து வைத்தார். ஈக்விஃபேக்ஸின் ட்விட்டர் கணக்கே, உதவி கேட்ட வாடிக்கையாளர்களுக்கு அந்தப் போலித் தளத்தின் முகவரியை ஒருமுறைக்கு மேல் அனுப்பி வைத்தது. அந்தப் புரோகிராமர் நல்ல எண்ணம் கொண்டவராக இருந்ததால் யாருக்கும் சேதமில்லை. சொல்ல வேண்டியதை யார், எந்த முகவரியிலிருந்து, எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே ஒருவரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த மாதமே தலைமை அதிகாரி பதவி விலகினார்.

அன்று ஈக்விஃபேக்ஸுக்கு ஆறு வார அவகாசமாவது இருந்தது. இன்றைக்கு அதுவும் கிடையாது. ரான்சம்வேர் கும்பல்கள் ஃபைல்களைப் பூட்டுவதோடு நிற்பதில்லை. முதலில் நகல் எடுத்துக்கொள்கின்றன. பிறகு தங்கள் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, கெடு வைத்து, மாதிரிக்குச் சில ஆவணங்களையும் வெளியிடுகின்றன. செய்தியாளர்களோடு அவர்களே பேசுகிறார்கள். 2023 நவம்பரில் ஆல்ஃப்வி என்ற கும்பல் இன்னும் ஒருபடி மேலே போனது. மெரிடியன்லிங்க் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் புகுந்ததாகச் சொன்ன அந்தக் கும்பல், 'இவர்கள் இதை வெளியே சொல்லவில்லை' என்று அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையத்திடமே புகார் கொடுத்தது. முக்கியமான தாக்குதல் என்று முடிவானதும் நான்கு வேலைநாளில் அறிவிக்க வேண்டும் என்ற விதி அப்போது நடைமுறைக்கே வரவில்லை. திருடனே காவல் நிலையத்தில் போய் எழுதிக் கொடுப்பது மாதிரியான காரியம். இனி எந்த நிறுவனமும் 'எப்போது சொல்லலாம்' என்று தன் வசதிப்படி நாள் குறிக்க முடியாது என்பதுதான் இதன் பொருள்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊபர் இருக்கிறது. 2016-இல் 5.7 கோடிப் பேரின் விவரம் போனது. ஹேக்கர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, அதைப் பிழை கண்டுபிடித்ததற்கான பரிசு என்று கணக்கெழுதினார்கள். ஓராண்டு கழித்து விஷயம் வெளியே வந்தது. பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன் 2022-இல் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் பாலிசிதாரர் விவரங்கள் டெலிகிராம் பாட்கள் வழியாக வெளியே கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கேட்டால் போதும், பாட் ஆவணத்தை நீட்டும். பெயர், போன் எண், முகவரி, அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, என்ன நோய் என்ற குறிப்பு. 3.1 கோடிப் பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் உரிமை கொண்டாடினார். முதற்கட்ட ஆய்வில் பரவலான பாதிப்பு இல்லை, வாடிக்கையாளரின் முக்கியத் தகவல் பத்திரமாக இருக்கிறது என்றது நிறுவனம். டெலிகிராம் மீதும் ஹேக்கர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வந்த இன்னொரு அறிக்கையில், திட்டமிட்ட சைபர் தாக்குதலுக்கு ஆளானோம், சில தகவல்களை உரிமையின்றி அணுகியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது.

வழக்குத் தொடுத்தது சரியான காரியம். 'பத்திரமாக இருக்கிறது' என்ற முதல் வாக்கியம்தான் சரியில்லை. அதை நம்பிய பாலிசிதாரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். 'உங்கள் கிளெய்ம் பற்றிப் பேசுகிறோம்' என்று தன் நோயின் பெயரையும் பாலிசி எண்ணையும் சரியாகச் சொல்லி ஒருவர் போன் செய்தால், அவர் சந்தேகப்பட எந்தக் காரணமும் இருந்திருக்காது. முதல் நாளில் முழு உண்மை ஒரு நிறுவனத்துக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதலாம். 'விசாரித்துக்கொண்டிருக்கிறோம், நாளை மாலை மறுபடியும் தகவல் தருவோம், அதுவரை எங்கள் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் விவரம் எதுவும் கொடுக்காதீர்கள்' என்பதில் பொய்யும் இல்லை, பீதியும் இல்லை. ஆனால் லீகல் டீம் கையில் போய்த் திரும்பும் வரைவில் இந்தக் கடைசி வாக்கியம்தான் முதலில் அடிபடுகிறது. 'உங்கள் தகவல் பாதுகாப்பை மிகத் தீவிரமாகக் கருதுகிறோம்' என்ற வெற்று வரி மட்டும் தப்பிவிடுகிறது.

அதனால்தான் சிஸ்டம் முடங்கிய அன்று இரவே, ஐ.டி. ஆட்களோடு ஒரே அறையில் மக்கள் தொடர்பு அதிகாரியும் உட்கார வேண்டும் என்கிறேன். மறுநாள் காலையில் பூசி மெழுகிய நான்கு வரியைக் கொடுத்து 'ஸ்டேட்மென்ட் விடுங்கள்' என்றால், அவர் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. மெயிலும் வெப்சைட்டும் இல்லாமல் வாடிக்கையாளரை எட்டுவது எப்படி என்பதையும் அவர் ஒத்திகை பார்த்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு புதிய தொல்லையும் சேர்ந்திருக்கிறது. தேசியப் பங்குச்சந்தையின் (என்.எஸ்.இ.) தலைமை அதிகாரி ஆஷிஷ்குமார் சௌஹான் பங்குகளைப் பரிந்துரைப்பது போல டீப்ஃபேக் வீடியோக்கள் சுற்றியதால், 2024 ஏப்ரலில் என்.எஸ்.இ. பொதுமக்களை எச்சரித்தது. நெருக்கடி நேரத்தில் நிறுவனத் தலைவர் பேசும் வீடியோ வந்தால், அது அசல்தானா என்று மக்கள் எங்கே போய்ச் சரிபார்ப்பார்கள்? அந்த இடம் எது என்பதை அமைதியான நாட்களிலேயே அவர்களுக்குப் பழக்கிவிட வேண்டும்.

சட்டம் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லேயே உத்தரவிட்டது. ஆனால் அது அரசு அமைப்புக்குத் தெரிவிப்பது. பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கும் கடமை, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. என்ன நடந்தது, அதனால் என்ன விளையலாம், அவர் என்ன செய்து தற்காத்துக்கொள்ளலாம், யாரைக் கேட்கலாம் என்பதைத் தாமதமின்றி எளிமையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன 2025 நவம்பரில் வந்த விதிகள். சொல்லத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

இதில் ஓர் ஓட்டை என் கண்ணை உறுத்துகிறது. நம் விவரத்தை வாங்கிக்கொள்ள ஒப்புதல் கேட்கும்போது, அந்த அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வசதி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த விவரம் பறிபோன செய்தியைச் சொல்லும்போது, எளிமையாகச் சொன்னால் போதும் என்பதோடு விட்டுவிடுகிறது. திருநெல்வேலியில் இருக்கும் பாலிசிதாரருக்கு, வக்கீல் எழுதிய ஆங்கில மெயில் எந்த வகையில் எளிமை? விதியின் இந்தப் பகுதி நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அது 2027 மே மாதம் முடிகிறது. தமிழில் நான்கு வரி எஸ்.எம்.எஸ். ஒன்றை இன்றைக்கே எழுதித் தயாராக வைத்துக்கொள்வதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.