பூனைக்கு என்ன ஆயிற்று?

கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் எலியும் உண்டு, எலிக்குப் பூனையும் உண்டு. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த நம்மவர்கள் பூனையை வீட்டு ஆளாகவே வைத்துக்கொண்டார்கள். அப்படி ஓடியாடித் திரிந்த எட்டு மாதக் குட்டி ஒரு நாள் காலையில் பின்னங்கால் பின்ன நடக்கிறது. தலை ஒரு பக்கம் சாய்கிறது. பால் கிண்ணத்தை நோக்கிப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறது. நேற்று இரவு வரை நன்றாக இருந்ததாயிற்றே என்று குழந்தைகள் அழுகிறார்கள்.

"யாரோ செய்வினை வெச்சிட்டாங்க" என்பார் பாட்டி. "சயனைடு தண்ணி குடிச்சிருக்கும்" என்பார் அடுத்த வீட்டுக்காரர். பங்காருப்பேட்டை–மாரிக்குப்பம் பாதையில் நான் வேலை பார்த்த நாட்களில் இரண்டையும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதலாவதை விட்டுவிடுவோம். இரண்டாவது பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. தங்கக் கல்லை அரைத்து, தொடக்க காலத்தில் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டுப் பொன்னைப் பிடித்தார்கள். அதில் சிக்காத துகளைச் சயனைடு கரைசலில் கரைத்து எடுத்தார்கள். மிஞ்சிய மண்தான் இன்றும் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள். 28-2-2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் எங்கும் போகவில்லை. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வருவதை அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சயனைடின் குணம் வேறு. உடம்பின் அணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாமல் அது தடுக்கிறது. போதிய அளவு உள்ளே போனால் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறலும் வலிப்பும் வந்து உயிர் போய்விடும். மூன்று நாளாகத் தள்ளாடிக்கொண்டு, நடுவில் பாலும் குடிக்கிற பூனைக்குக் காரணம் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும். மேட்டடியில் தேங்கும் நீரை ஆடு மாடு பூனை எதற்கும் விடக்கூடாது என்பது தனி விஷயம். எல்லாப் பழியையும் சயனைடு மேல் போட்டுவிட்டால் உண்மைக் காரணத்தைத் தேடுவார் இல்லாமல் போகிறது.

தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா சாட்சி. கியூஷு தீவில் உள்ள சிறு கடற்கரை ஊர் அது. 1950-களின் தொடக்கத்தில் அங்குள்ள செம்படவர் வீட்டுப் பூனைகள் திடீரென்று தள்ளாடின, சுழன்றன, வெறிபிடித்தாற்போல் ஓடிக் கடலில் விழுந்தன. ஊரார் அதைப் 'பூனை ஆட்ட நோய்' என்றார்கள். 1954-ல் ஓர் ஊரில் பூனைகள் செத்தொழிந்து எலி பெருகிவிட்டதாக உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியே வந்தது. அது ஒரு வேடிக்கைச் செய்தியாகப் போயிற்று.

1956 ஏப்ரலில் ஆறு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி, நடக்கவும் பேசவும் தடுமாறிய நிலையில் சிஸ்ஸோ என்ற ரசாயனத் தொழிற்சாலையின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். அந்த மருத்துவமனைத் தலைவர் டாக்டர் ஹஜிமே ஹொசோகாவா மே 1 அன்று சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். தொழிற்சாலைக் கழிவில் இருந்த மெதில் பாதரசம் கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, அந்த மீனைத் தின்ற பூனைக்கும் மனிதனுக்கும் மூளையைத் தாக்கியிருந்தது. பூனைக்கு முன்னால் வந்தது, பின்னால் வீட்டுக்காரருக்கு வந்தது. இருவரும் ஒரே சட்டி மீனைத்தானே தின்றார்கள்!

ஹொசோகாவா 1959-ல் கழிவு நீரையே உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் எண் 400. அக்டோபரில் அதற்கும் அதே ஆட்டம் கண்டது. நிர்வாகம் முடிவை வெளியிடவில்லை. கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1970-ல் நோய்ப்படுக்கையில் கிடந்தபடி அந்த டாக்டர் உண்மையைச் சாட்சியமாகச் சொன்னார். 1973-ல் நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு என்றது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் ரயில்வேயில் நேற்று வரை ஓடிய இயந்திரம் இன்று நின்றால் முதல் கேள்வி, "கடைசியா என்ன மாத்தினீங்க?" என்பதுதான். பூனைக்கும் அதையே கேட்கலாம். ஆனால் அதற்கும் முன்னே வெறிநோய் ஒன்று இருக்கிறது.

தடுப்பூசி போடாத, வெளியே திரியும் பூனைக்குத் திடீரென நடையும் குணமும் மாறினால் வெறிநோயோ என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். நாய்க்கு மட்டும் வருவது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். வெறுங்கையால் தூக்கக்கூடாது, குழந்தைகளை அண்டவிடக்கூடாது. கடித்திருந்தாலோ பிறாண்டியிருந்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் அப்ப வேண்டாம். பூனை பிழைக்கிறதா என்று காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்கி, எல்லாத் தவணையும் போட்டுக்கொள்ள வேண்டும். மனிதனுக்கு அந்நோய் கண்டுவிட்டால் பிறகு மருந்து கிடையாது. பூனை இறந்துவிட்டால் புதைக்கும் முன் கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். மூளையைச் சோதித்துத்தான் உறுதி செய்ய முடியும்; பெங்களூர் நிம்ஹான்ஸில் அந்தப் பரிசோதனை உண்டு.

இனி நம் கேள்வி. முந்தின நாள் உண்ணி மருந்து போட்டீர்களா? நாய்க்கென்று விற்கும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி போதாது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, உடனே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். வீட்டில் எலிமருந்து வைத்தீர்களா, தரையை எதனால் துடைத்தீர்கள் என்றும் பாருங்கள். பூனை தன் காலை நக்கும் பிராணி.

என்ன சாப்பாடு? பச்சை மீன் என்றால் பூனைக்கு உயிர் என்று தினமும் அதையே போடுவோர் உண்டு. சிலவகை மீனின் பச்சைச் சதையில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உள்ளது. வாரக்கணக்கில் அதையே தின்ற பூனை கழுத்தை மார்போடு மடக்கிக்கொண்டு தள்ளாடும். கண்மணி விரிந்து நிற்கும். காலத்தோடு பி1 ஊசி போட்டால் ஓரிரு நாளில் எழுந்து நடப்பதும் உண்டு. மீனை வேகவைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும், செலவும் இல்லை.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பூனைகளை அதிகம் பிடிப்பது எஃப்.ஐ.பி. என்ற வைரஸ் நோய். சிலவற்றில் அது மூளைக்கே போகும். முன்பு அது வந்தால் முடிவுதான். 2019-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு வைரஸ் எதிர்ப்பு மருந்தால் பல பூனைகள் பிழைத்ததை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆகவே "இது தேறாது" என்று யாராவது சொன்னால், எந்த நோய் என்று கேளுங்கள்.

வலிப்பு வரும்போது வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விட்டு, எத்தனை நிமிடம் நீடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால், டாக்டர் மேசையில் பூனை சாதுவாகப் படுத்துவிட்டாலும் விவரம் புரியும். தங்கவயலிலிருந்து ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். கொண்டு போவதானால் மூடி போட்ட கூடையில் பழைய துணி விரித்து, மருந்து டப்பாவையும் எலிமருந்து உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.