மலையேற எந்தப் பாத்திரம்?

மூன்று நாள் மலைப்பயணம் கிளம்புகிறீர்கள். அரிசி, ரவை, ஸ்டவ், எண்ணெய் எல்லாம் உங்கள் முதுகில்தான். சமைக்க எந்தப் பாத்திரத்தை எடுத்துச் செல்வீர்கள்? டைட்டானியம்தான் மிக இலேசானது என்பார்கள்; விலையைக் கேட்டால் தலை சுற்றும். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போமே!

ஆரம் 6 செ.மீ., உயரம் 10 செ.மீ. உள்ள பாத்திரம் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே கொள்ளும். அடியும் பக்கமும் சேர்ந்து அதன் பரப்பு சுமார் 490 சதுர செ.மீ. ஒரு கன செ.மீ. அலுமினியத்தின் எடை 2.7 கிராம், டைட்டானியம் 4.5, எவர்சில்வர் ஏறத்தாழ 8. அப்படியானால் அலுமினியம்தானே வெல்ல வேண்டும்? இல்லை. அது மென்மையான உலோகம். நசுங்காமலிருக்க 1 மி.மீ. தடிமனாவது வேண்டும் என்று கொள்வோம். எவர்சில்வருக்கு 0.5 மி.மீ., டைட்டானியத்துக்கு 0.4 மி.மீ. போதும். பெருக்கிப் பாருங்கள்: எவர்சில்வர் 196 கிராம், அலுமினியம் 132, டைட்டானியம் 88. அடர்த்தியில் தோற்ற டைட்டானியம் உறுதியால் வென்றுவிடுகிறது!

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. ஒரு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 336 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு கிராம் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் 43 கிலோஜூல் கிடைக்கும். ஆக 8 கிராம் போதும். ஆனால் பாதி வெப்பம் காற்றோடு போகிறது என்று கொண்டால் 16 கிராம் ஆகிவிடும். நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு 192 கிராம். இதில் கால் பங்கை மிச்சம் பிடித்தாலே 48 கிராம் சுமை குறையும். அலுமினியத்தை விட்டு டைட்டானியத்துக்குப் போனாலும் குறைவது 44 கிராம்தான்! எனவே முதலில் ஒரு நல்ல மூடியும், காற்றுத் தடுப்பும் தேடுங்கள். (வாயுக் குப்பியின் மேலேயே பொருத்தும் ஸ்டவ்வானால் தடுப்பால் முழுவதும் சூழ்ந்துவிடாதீர்கள், குப்பி சூடேறி வெடிக்கலாம். கூடாரத்துக்குள் எந்த ஸ்டவ்வும் ஆகாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.)

இந்த வித்தையில் கைதேர்ந்தவர் நார்வே நாட்டு நான்சென். 1895-ல் கப்பலை விட்டிறங்கி, ஒரே ஒரு துணைவருடன் வடதுருவத்தை நோக்கிப் பனிமேல் நடந்தவர். அங்கே குடிநீருக்கும் பனியைத்தான் உருக்க வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க மட்டும் 334 கிலோஜூல். அதாவது அந்த நீரை மேலும் 80 டிகிரி சூடாக்குமளவு! அவருடைய அடுப்பில் நடுப் பாத்திரத்தைச் சூடாக்கிய வாயு வீணாகவில்லை. அதைச் சுற்றியிருந்த வளையப் பாத்திரத்துப் பனியையும் உருக்கிவிட்டுத்தான் வெளியேறியது.

சரி, எந்த உலோகம்? வெந்நீர் மட்டும் போடுபவருக்கு டைட்டானியம் போதும். உப்புமா கிண்டினால் கருகிவிடும். எவர்சில்வரைப் போலவே அதுவும் வெப்பத்தை மந்தமாகத்தான் கடத்துகிறது. நீரானால் தானே சுழன்று வெப்பத்தைப் பரப்பிவிடும். கெட்டியான உணவு அப்படிச் சுழலாது. அலுமினியம் ஏறத்தாழ பத்து மடங்கு நன்றாகக் கடத்துவதால் அடி எங்கும் ஒரே சூடு. ஆனால் வெறும் அலுமினியத்தில் புளிக்குழம்பை வைத்திருக்காதீர்கள். அமிலம் உலோகத்தை அரிக்கும். என் ஓட்டு, மூடியோடு கூடிய அலுமினியத்துக்கே.

மூடியின் மதிப்பை இன்றே அளக்கலாம். அதே பாத்திரம், அதே தீ, அரை லிட்டர் நீர். மூடி இல்லாமல் ஒரு முறை, மூடியுடன் ஒரு முறை கொதிக்க வைத்து, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.