சாலை இரைச்சலும் நோயாளியின் உறக்கமும்: சன்னலை மாற்றும் முன் அறிய வேண்டியவை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவர், மறுபரிசோதனைக்கு வந்தபோது உறக்க மாத்திரை எழுதித் தருமாறு கேட்டார். மருந்துகளைத் தவறாமல் உட்கொண்டும் அவருடைய இரத்த அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. உடன் வந்த அவருடைய மனைவி தயக்கத்துடன் சொன்னார்: "மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது நன்றாகத் தூங்கினார், டாக்டர். எங்கள் படுக்கையறை மெயின் ரோட்டைப் பார்த்தது. இரவு பதினோரு மணிக்கு மேல் லாரிகள் வரத் தொடங்கிவிடும். போன வருடம் இரட்டைக் கண்ணாடி சன்னல்கூடப் போட்டுப் பார்த்தோம். பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை."

செலவு செய்தும் பலன் கிடைக்காத இந்த அனுபவம் பலருக்கும் உண்டு. அதற்கான காரணத்தையும், எதைத் தேர்ந்தெடுத்தால் பலன் கிடைக்கும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

இரைச்சல் உடலை என்ன செய்கிறது?

நாம் உறங்கினாலும் செவி உறங்குவதில்லை. ஹாரன் ஒலி கேட்டு முழுமையாக விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு சற்று உயர்கிறது. இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் மிகுகின்றன. காலையில் நோயாளிக்கு எதுவும் நினைவிருப்பதில்லை; களைப்பு மட்டும் எஞ்சுகிறது. ஆண்டுக்கணக்கில் இந்நிலை தொடர்ந்தால் உயர் இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பிய நாடுகளுக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் வீட்டின் வெளிப்புறத்தில் சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதே 45 டெசிபலையே வரம்பாக வைத்துள்ளன. பெருநகரங்களின் முதன்மைச் சாலைகளை ஒட்டிய குடியிருப்புகளில் 70 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலி சாதாரணமானது. படுக்கையறைக்குள் 30 டெசிபல் அளவே நல்லுறக்கத்திற்கு ஏற்றது. பத்து டெசிபல் குறைந்தால் ஒலி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததுபோல் செவிக்குத் தோன்றும் என்பதை நினைவிற் கொண்டால், பின்வரும் எண்களின் பொருள் விளங்கும்.

முதற்குற்றவாளி இடைவெளி

காற்று நுழையும் வழியெல்லாம் ஒலியும் நுழையும். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். மீதிப் பரப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும், அச்சுவர் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க இயலாது. ஆகவே, விலை உயர்ந்த கண்ணாடியை இடைவெளியுள்ள சட்டத்தில் பொருத்துவது வீண்செலவு.

நம் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் ஸ்லைடிங் சன்னல்களே உள்ளன. கதவுகள் நகர வேண்டுமானால் சட்டத்திற்கும் கதவிற்கும் இடையே சிறிது இடம் விட்டாக வேண்டும். அந்த இடத்தை மென்மையான இழைப்பட்டை ஒன்றே மறைக்கிறது. அது தூசியை ஓரளவு தடுக்கும், ஒலியைத் தடுக்காது. கீல் வைத்து, கதவுபோல் திறந்து மூடும் சன்னலில் ரப்பர் பட்டை நான்கு பக்கமும் அழுந்துகிறது. பல இடங்களில் ஒருங்கே பூட்டும் கைப்பிடி இருந்தால் அந்த அழுத்தம் சீராக இருக்கும். மேற்சொன்ன குடும்பத்தினர் வாங்கியது ஸ்லைடிங் வகை. குறை அங்கேயே தொடங்கிவிட்டது.

வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சன்னல் கதவிற்கும் சட்டத்திற்கும் இடையே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடுங்கள். இழுத்தால் தடையின்றி வந்துவிடுமானால் அவ்விடத்தில் ரப்பர் பட்டை அழுந்தவில்லை என்று பொருள். நான்கு பக்கமும் இவ்வாறு சோதியுங்கள். சட்டத்திற்கும் சுவருக்கும் இடையிலுள்ள விரிசல், ஏ.சி. குழாய் செல்லும் துளை, எக்ஸாஸ்ட் விசிறியின் திறப்பு ஆகியவற்றையும் பாருங்கள். ஜன்னல் ஏ.சி. பொருத்திய இடம் ஒரு பெரிய ஓட்டைக்குச் சமம்.

எந்தக் கண்ணாடி?

இரட்டைக் கண்ணாடி என்றாலே ஒலி புகாது என்பது பரவலான தவறான எண்ணம். ஒரே தடிப்புள்ள இரு கண்ணாடிகளை 12 மில்லிமீட்டர் இடைவெளியில் வைக்கும் வழக்கமான அமைப்பு, முதன்மையாக வெப்பத்தைத் தடுக்க உருவானது. இடையில் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்போல் செயல்பட்டு, தாழ்ந்த சுருதியில் இரு கண்ணாடிகளையும் சேர்ந்து அதிர வைக்கிறது. லாரி, பேருந்து எஞ்சின்களின் உறுமல் அந்தத் தாழ்ந்த சுருதியில்தான் உள்ளது. பேச்சொலி குறையும், உறுமல் உள்ளே வரும்.

இதற்கு மாறாக, லேமினேட்டட் கண்ணாடியில் இரு கண்ணாடிகளை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டிப் பிணைக்கிறது. காரின் முன்கண்ணாடி இவ்வகையே. அப்படலம் அதிர்வை உறிஞ்சுகிறது. உடைந்தாலும் சில்லுகள் சிதறுவதில்லை. இரட்டைக் கண்ணாடியே வேண்டுமெனில், இரண்டும் வெவ்வேறு தடிப்புடன் இருப்பதும், ஒன்றேனும் லேமினேட்டட் வகையாக இருப்பதும் நல்லது.

கசிவுள்ள பழைய ஸ்லைடிங் சன்னல் ஏறத்தாழ 20 டெசிபல் தடுக்கும் என்று கொள்வோம். வெளியே 75 என்றால் உள்ளே 55. நன்கு மூடும், லேமினேட்டட் கண்ணாடி பொருத்திய சன்னல் 35 அளவுக்குத் தடுத்தால் உள்ளே 40. காதுக்கு இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததுபோல் தோன்றும். இதனினும் குறைய வேண்டுமெனில், இருக்கும் சன்னலை அப்படியே விட்டு, சுவரின் உட்புற விளிம்பில் இரண்டாவது சன்னல் ஒன்றைப் பொருத்துவதே சிறந்த வழி. இரண்டிற்கும் இடையே குறைந்தது 100 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கட்டடத்தின் வெளித்தோற்றம் மாறாததால் குடியிருப்போர் சங்கத்தின் ஆட்சேபமும் பெரும்பாலும் எழாது.

எடையையும் கணக்கிடுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் இரண்டரை கிலோ எடையுள்ளது. 10 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. கீல்களும் சட்டமும் அதைத் தாங்க வேண்டும்.

தனித்த திரைச்சீலையோ சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகையோ வெளி இரைச்சலைத் தடுக்காது. அவை அறைக்குள் எழும் எதிரொலியை மட்டுமே குறைக்கும்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை

ஒன்று, காட்டப்படும் சோதனை அறிக்கை கண்ணாடிக்கு மட்டுமா, சட்டத்துடன் கூடிய முழுச் சன்னலுக்கா? இரண்டு, சாலை இரைச்சலுக்குரிய திருத்த எண்ணான சி.டி.ஆர். மதிப்பு என்ன? பொதுவாகச் சொல்லப்படும் ஆர்.டபிள்யூ. மதிப்பிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மூன்று, சட்டத்திற்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை எதைக் கொண்டு நிரப்புவார்கள்? நான்கு, ரப்பர் பட்டை தேய்ந்தால் மாற்றித் தருவார்களா?

காற்றோட்டத்தை மறவாதீர்கள்

நன்கு மூடிய அறையில் ஒலியோடு காற்றும் தடைபடும். ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே குளிர்விக்கிறது. ஆகவே இத்தகைய அறையில் கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் கூடவே கூடாது. ஆஸ்துமா நோயாளிகளுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளோருக்கும் இது மிக முக்கியம். குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தால் அதன் காற்றுவழியை ஒருபோதும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைப் பறிக்கும். சாலையைப் பாராத பக்கத்தில் ஒரு திறப்பை வைத்துக்கொள்வதும், போக்குவரத்து குறைந்த வேளையில் சன்னல்களைத் திறந்துவிடுவதும் நலம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில், இயலுமானால் நோயாளியின் படுக்கையைச் சாலையைப் பாராத அறைக்கு மாற்றுங்கள், இதற்குச் செலவில்லை. அடுத்து, கசிவுகளை ரப்பர் பட்டையாலும் சிலிக்கான் பசையாலும் அடையுங்கள். அதன் பிறகும் போதவில்லையெனில், வீடு முழுவதற்கும் அன்றி, உறங்கும் அறையின் சன்னலை மட்டும் மாற்றுங்கள். காதடைப்பான் பயன்படும்; ஆயினும் இரவில் நோயாளியின் குரலைக் கேட்க வேண்டிய பொறுப்பிலுள்ளவர் அதை அணியலாகாது.

ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். சன்னல் மருந்துக்கு மாற்றன்று. மாத்திரைகளை நீங்களாகக் குறைக்காதீர்கள். அமைதியான அறையிலும் உறக்கம் கெட்டால், உரத்த குறட்டையோ இரவில் மூச்சுத்திணறலோ இருந்தால், எங்களிடம் சொல்லுங்கள். அதற்குத் தனிப் பரிசோதனை தேவைப்படும்.

தொடக்கத்தில் குறிப்பிட்டவர் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றினார். பின்னர் முன்னறைச் சன்னலின் உட்புறத்தில் இரண்டாவது சன்னல் ஒன்றைப் பொருத்தினார். அடுத்த மறுபரிசோதனையில் அவருடைய இரத்த அழுத்தம் குறைந்திருந்தது. அதற்குச் சன்னல் மட்டுமே காரணம் என்று நான் கூறமாட்டேன். ஆனால் அன்று அவர் உறக்க மாத்திரை கேட்கவில்லை.