‘குடும்பஸ்தன்’ பார்த்துச் சிரிச்சீங்களா? வேலை போனதை மறைக்க எவ்ளோ செலவாகும்னு பாருங்க

போன ஞாயிற்றுக்கிழமை வீட்ல ‘குடும்பஸ்தன்’ மறுபடியும் பார்த்தோம். 2025 ஜனவரியில தியேட்டர்ல பார்த்தப்போ வயிறு வலிக்கச் சிரிச்ச படம். மணிகண்டனும் குரு சோமசுந்தரமும் மோதிக்கிற காட்சிகள் இப்பவும் சிரிப்புதான். ஆனா வேலை போனதை வீட்ல சொல்லாம, ஹீரோ நவீன் தினமும் ஆபீஸ் போற மாதிரி கிளம்புவார் பாருங்க, அந்த இடத்துல இந்த முறை எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா, ரெண்டு வாரம் முன்னாடி அதே மாதிரி ஒருத்தர் என் எதிர்ல உட்கார்ந்திருந்தார்.

ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த கிளையன்ட். மாசச் சம்பளம் 1.2 லட்சம். ஃபார்ம் 16-ல ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் இருந்தது. மீதி ஆறு மாசம் எங்க சார்னு கேட்டேன். முதல்ல கதவைத் திரும்பிப் பார்த்தார். “பழக்கதோஷம். இப்போ வீட்ல தெரியும்” என்றார்.

அக்டோபர்ல இருந்து பிப்ரவரி வரை லேப்டாப் பையோட கிளம்பிப் போய் சாயங்காலம் திரும்பியிருக்கார். ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் வீட்டுச் செலவுக்கு 45,000 ரூபாய், வழக்கம்போல. கார் இ.எம்.ஐ. போக சேமிப்புன்னு பெருசா எதுவும் இல்ல. அந்தப் பணம் பூரா கிரெடிட் கார்டுல எடுத்த கேஷ்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கார்டுல கேஷ் எடுத்தா, பொருள் வாங்கும்போது கிடைக்கிற வட்டியில்லாத நாட்கள் கிடையாது. எடுத்த அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். மாசம் 3.5 சதவீதம்னு வைங்க. அஞ்சு மாசத்துல எடுத்தது 2.25 லட்சம், அசலைத் தொடலன்னா வட்டி மட்டும் கிட்டத்தட்ட 25,000. கேஷ் எடுக்கிற கட்டணமும், வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி.

ஆனா என்னைக் கேட்டா, பெரிய நஷ்டம் அந்த 25,000 இல்ல. மார்ச்சுல மனைவிகிட்ட சொல்லியிருக்கார். ரெண்டு நாள் பேச்சே இல்லையாம். மூணாம் நாள் அவங்களே நோட்டு எடுத்து உட்கார்ந்து, 45,000-ஐ 31,000 ஆக்கிட்டாங்க. மாசம் 14,000. இதையே அக்டோபர்ல செஞ்சிருந்தா 70,000 ரூபாய்க்குக் கடனே வாங்கியிருக்க வேண்டாம். மறைச்ச வரைக்கும் வீட்டுச் செலவு பழைய சம்பளத்துலயே ஓடிட்டு இருந்தது. அவங்க எப்படிக் குறைப்பாங்க, குறைக்கணும்னே தெரியாதே!

இன்னொண்ணு கேட்டப்போதான் எனக்கே திக்குன்னு இருந்தது. கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் செப்டம்பரோட முடிஞ்சு போச்சு. அந்தக் கார்டைத்தான் அவர் அம்மா அஞ்சு மாசமும் பர்ஸ்ல வச்சிருந்தாங்க. நல்லவேளை, ஆஸ்பத்திரி பக்கம் போகல. உங்களுக்கு இப்படி ஒரு நிலைமை வந்தா, கடைசி நாளுக்கு முன்னாடியே ஹெச்.ஆர்.கிட்ட பேசி, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமான்னு கேளுங்க. ஆனா அம்மாகிட்ட சொல்லாம இதை எப்படிச் செய்வீங்க?

அதே வாரம் ‘3 பி.எச்.கே.’வும் பார்த்தோம். சரத்குமார், தேவயானி, சித்தார்த் குடும்பம் சொந்த வீட்டுக்காக சேர்த்துக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு தடவையும் ஒரு செலவு வந்து நிக்குது. சோகம் கொஞ்சம் ஓவர்தான். ஆனா எவ்ளோ இருக்கு, எவ்ளோ துண்டு விழுதுன்னு அந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

கிளையன்ட் கதைக்கு வர்றேன். அவருக்கு ஒரு நல்ல செய்தி இருந்தது. முழு வருஷச் சம்பளம் 14.4 லட்சம்னு கணக்கு பண்ணி, கம்பெனி மாசாமாசம் 7,345 ரூபாய் டி.டி.எஸ். பிடிச்சிருக்கு. நிஜத்துல 2025-26-ல அவர் வருமானம் 7.2 லட்சம்தான். புதிய வரிமுறையில 87ஏ தள்ளுபடி போக வரி பூஜ்யம். ஆறு மாசத்துக்குப் பிடிச்ச 44,070 ரூபாயும் ரீஃபண்ட். ரிட்டர்ன் போட்டாதான் வரும். வருமானமே இல்லையேன்னு இவர் ஃபைல் பண்ணாமலே விட இருந்தார்!

ரீஃபண்ட் எந்த அக்கவுண்டுக்கு வரணும்னு கேட்டேன். “மனைவி அக்கவுண்டுக்குப் போட முடியுமா?” என்றார். முடியாது சார், உங்க பேர்ல, உங்க பான் இணைச்ச அக்கவுண்டுக்குத்தான் வரும்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சார். “சரி, அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டு வந்துடறேன்”னு வெளிய போனார்.